பள்ளி ஃபுட்பால் அணிக்கு எந்தக் கோச்? நான்கு வகை வேட்பாளர்கள், ஓர் ஒப்பீடு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஃபுட்பால் தலைமைக் கோச் பதவி காலியானால் ஊரே அதைப் பேசும். (முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பாலைத்தான் சொல்கிறோம்.) முடிவெடுப்பது முதல்வரும் கல்வி மாவட்ட நிர்வாகமும். ஆனாலும் தேர்வுக் குழுவில் பெற்றோருக்கு இடம் தரும் பள்ளிகள் உண்டு. கல்வி வாரியக் கூட்டத்தில் பெற்றோர் எழுந்து கருத்துச் சொல்லவும் முடியும். டெக்சாஸின் ஃபிரிஸ்கோ, ஜார்ஜியாவின் ஜான்ஸ் கிரீக் போன்ற ஊர்களில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கும், மகன் ஒன்பதாம் வகுப்பில் அணியில் சேர்ந்த அன்றே இந்தப் பேச்சு வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

வழக்கமாக நான்கு வகை ஆட்கள் விண்ணப்பிப்பார்கள்: அதே பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியர், வேறு ஊரில் கோப்பைகள் வென்ற பெயர்பெற்ற கோச், புது ஆட்டமுறையோடு வரும் இளம் கோஆர்டினேட்டர் (தாக்குதல் அல்லது தடுப்பு ஆட்டத்தை வகுக்கும் உதவிக் கோச்), தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் ஆடிய முன்னாள் வீரர். யாரை எடுப்பது என்று குழம்புகிறவர்களுக்காக இந்த ஒப்பீடு. எங்கள் நிலைப்பாட்டை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம்: வெள்ளி இரவு ஆட்டத்தின் ஸ்கோர்போர்டைவிட, திங்கள் முதல் வியாழன் வரை அறுபது பையன்களுக்கு என்ன நடக்கிறது என்பதே அளவுகோல். அதிலும் ஆட்டத்தில் இறங்காத பையன்களுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

வெயில், மோதல், தலைக்காயம். இதில் தோற்கிறவரை மற்ற எதிலும் சோதிக்க வேண்டாம். பயிற்சி தொடங்குவது ஆகஸ்ட் வெயிலில். உடல் வெயிலுக்குப் பழக 14 நாட்கள் தேவை. பரவலாக ஏற்கப்பட்ட வழிமுறைப்படி முதல் இரண்டு நாட்கள் ஹெல்மெட் மட்டும், மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை ஹெல்மெட்டும் ஷோல்டர் பேடும், ஆறாம் நாளிலிருந்துதான் முழுக் கவசம். முதல் ஐந்து நாட்களில் நாளுக்கு ஒரே பயிற்சி. ஜார்ஜியா 2012-இல் வெறும் வெப்பநிலையை விட்டுவிட்டு, ஈரப்பதம், வெயில், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் அளவீட்டுக்கு மாறியது. அந்த அளவு 92 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் (சுமார் 33 செல்சியஸ்) தாண்டினால் வெளியில் பயிற்சியே கூடாது. 90 முதல் 92 வரை ஒரு மணி நேரம்தான், அதுவும் கவசம் இல்லாமல்.

வெப்பத்தாக்கில் ஒரு பையன் சரிந்துவிட்டால் முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். கால்நடைக்குத் தண்ணீர் வைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை நிரப்பி, ஐஸ் கொட்டி, தண்ணீரை 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்து, கழுத்து வரை அமிழ்த்திக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். உடலின் உள்வெப்பம் 39 டிகிரிக்குக் கீழே இறங்க அரை மணி நேரம்தான் அவகாசம். தொட்டி மைதானத்தின் ஓரத்தில் தயாராக இருக்க வேண்டும். சாவி யாரிடம் என்று தேடும் அறைக்குள் இருந்தால் பயனில்லை. 2008-இல் கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் 15 வயது வீரன் ஒருவன் வெயிலில் தொடர் ஓட்டத்தின்போது சரிந்து, மூன்றாம் நாள் இறந்தான். கோச் மீது குற்றவழக்கு நடந்து, 2009-இல் அவர் விடுதலையானார். அந்த வழக்குக்குப் பிறகும் ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுக்கும் கோச்சுகள் இருக்கிறார்கள்.

தலைக்காயத்துக்குச் சட்டமே இருக்கிறது. வாஷிங்டன் மாநிலம் 2009-இல் தொடங்கிவைத்தது. 2014-க்குள் 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் வந்துவிட்டது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே வீரனை வெளியே எடுக்க வேண்டும், உரிமம் பெற்ற மருத்துவப் பணியாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் திரும்ப அனுப்பக் கூடாது என்பதே இவற்றின் சாரம். திரும்புவதும் படிப்படியாகத்தான், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். முழு மோதல் பயிற்சிக்கும் வரம்பு உண்டு: டெக்சாஸில் சீசனின்போது ஒரு வீரனுக்கு வாரம் இத்தனை நிமிடம் என்று கணக்கு, கலிஃபோர்னியாவில் வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 90 நிமிடம். இந்த எண்கள் வேட்பாளரின் நாக்கு நுனியில் இருக்க வேண்டும்.

பள்ளிக்குள் இருக்கிறாரா. டெக்சாஸில் 1984-இல் வந்த விதிப்படி 70 மதிப்பெண் எடுக்காதவன் ஆட முடியாது. இன்றைய விதியில் குறைந்தது மூன்று வாரம் வெளியே உட்கார வேண்டும். கல்லூரி விளையாட்டின் உச்ச நிலையான முதல் பிரிவில் ஆட நினைப்பவனுக்கு 16 அடிப்படைப் பாடங்கள் கட்டாயம். அவற்றில் 10 பாடங்களை கடைசி ஆண்டு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் கண்டுபிடித்தால் சரிசெய்ய வழியில்லை. பத்தாம் வகுப்புப் பையனின் அல்ஜிப்ரா சறுக்குவதை மதிய உணவு நேரத்திலேயே கேள்விப்படும் கோச்சும், மாலை மூன்றரைக்குக் காரில் வந்து இறங்கும் கோச்சும் ஒன்றல்ல.

எத்தனை பேர் நிலைக்கிறார்கள். ஆகஸ்ட் முதல் நாள் வந்தவர்கள் எத்தனை, நவம்பர் கடைசி ஆட்டத்தில் இருந்தவர்கள் எத்தனை? ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்பிலும் ஆடினார்கள்? இந்த இரண்டு கணக்கும் எந்தக் கோப்பை அலமாரியிலும் இருக்காது. கேட்டு வாங்க வேண்டும்.

உதவிக் கோச்சுகள். தலைமைக் கோச் ஒரே நேரத்தில் ஒரு மூலையில்தான் நிற்க முடியும். தாக்குதலில் ஆடும் 11 பேரில் ஐந்து பேர் முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் லைன்மேன்கள். அவர்களுக்குக் காலடியும் கைவைப்பும் சொல்லித்தரும் லைன் கோச் இல்லாவிட்டால் எந்த ஆட்டமுறையும் நிற்காது. எல்லோரும் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் கோச்சைப் பற்றியே கேட்பார்கள். நீங்கள் லைன் கோச் யார் என்று கேளுங்கள்.

இருக்கும் பையன்களுக்கு ஏற்ற ஆட்டம். அரசுப் பள்ளி ஆள் பிடிக்கக் கூடாது. பெரும்பாலும் பள்ளி எல்லைக்குள் வசிக்கும் பையன்கள்தான் அணி. துல்லியமாக எறியும் குவார்ட்டர்பேக் இல்லாத ஆண்டில், வீரர்களை அகலப் பரப்பி எறிதலை நம்பும் ஸ்ப்ரெட் ஆட்டம் தடுமாறும். சிறிய உடல்வாகு கொண்ட லைன் உள்ள பள்ளிக்கு, இருவர் சேர்ந்து ஒருவரைத் தள்ளும், கோணம் பிடித்துத் தடுக்கும் விங்-டி, ஆப்ஷன் போன்ற ஓட்ட முறைகள் கைகொடுக்கும். இரண்டையும் கற்பிக்கத் தெரிந்தவர் அரிது. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு அதுவே எங்கும் போதும் என்பவர் ஆபத்து.

வெற்றி எண்ணிக்கையையும் பாருங்கள், தனியாக மட்டும் பார்க்காதீர்கள். அவர் வருவதற்கு முந்திய மூன்று ஆண்டு, அவர் இருந்த ஆண்டுகள், அவர் போன பிறகு மூன்று ஆண்டு என்று வரிசையாக வைத்தால் கோச் செய்ததும் ஊர் செய்ததும் ஓரளவு பிரிந்து தெரியும்.

## பள்ளியின் சொந்த ஆசிரியர்

பெரும்பாலான அரசுப் பள்ளிகளுக்கு இதுவே சரி என்பது எங்கள் கணிப்பு. கலிஃபோர்னியாவின் கான்கார்டில் உள்ள டி லா சால் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். பாப் லடூசர் 1979-இல் பொறுப்பேற்றபோது அந்தப் பள்ளி ஒரு சீசனில்கூடத் தோல்வியைவிட வெற்றியை அதிகம் கண்டதில்லை. அவர் அங்கே சமயப் பாட ஆசிரியர். 1992 முதல் 2004 வரை அந்த அணி தொடர்ந்து 151 ஆட்டங்கள் வென்றது. 2004 செப்டம்பரில் வாஷிங்டனின் பெல்வியூ பள்ளி 39-20 என்று வென்று அதை முடித்துவைத்தது. 2013 ஜனவரியில் விலகும்போது அவர் கணக்கு 399 வெற்றி, 25 தோல்வி, 3 சமன். வீரர்கள் ஒவ்வொரு வாரமும் தங்கள் இலக்கை அட்டையில் எழுதி, சக வீரனிடம் கொடுத்து உறுதி சொல்லும் வழக்கம் அங்கே இருந்தது. பகல் முழுக்க அதே பையன்களோடு வகுப்பறையில் இருக்கிறவரால்தான் அப்படி ஒரு வழக்கத்தை உயிரோடு வைத்திருக்க முடியும். ஒன்றை மறக்கக் கூடாது: அது தனியார் கத்தோலிக்கப் பள்ளி, பரந்த வட்டாரத்திலிருந்து மாணவர்கள் வருவார்கள்.

அரசுப் பள்ளிக்கு இன்னும் பொருத்தமான உதாரணம் தென் கரோலினாவின் சம்மர்வில். ஜான் மெக்கிஸிக் 1952 முதல் 2014 வரை ஒரே பள்ளியில் இருந்தார்; 621 வெற்றி, 10 மாநிலப் பட்டம். ஆட விரும்பி வந்த எந்தப் பையனையும் அவர் அணியிலிருந்து நீக்கியதில்லை என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்வது. நிலைக்கும் பையன்களின் எண்ணிக்கையும் கோப்பையும் எதிரெதிர் என்று வாதிடுபவர்களுக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

மறைச்செலவு என்ன? டெக்சாஸுக்கு வெளியே பல மாநிலங்களில் கோச்சுக்கு ஆசிரியர் சம்பளத்தின் மேல் சில ஆயிரம் டாலர் ஊக்கத்தொகைதான். ஐந்து வகுப்பு, விடைத்தாள், பயிற்சி, வார இறுதியில் வீடியோ அலசல். மூன்றாம் ஆண்டில் ஆள் சோர்ந்துவிடுவார். பாடவேளையைக் குறைத்துக் கொடுக்கவோ, வீடியோ வெட்டும் வேலைக்கு உதவியாளர் வைக்கவோ பள்ளி தயாராக வேண்டும். இன்னொரு சிக்கல்: உள்ளூர்க்காரர் என்பதால் பழைய உதவிக் கோச்சுகளை மாற்ற மனம் வராது. தேர்வின்போதே அதைப் பற்றி நேராகக் கேட்டுவிடுவது நல்லது.

## வெளியூரிலிருந்து வரும் பெயர்பெற்றவர்

டாட் டாட்ஜின் பாதையைப் பார்த்தால் இந்த வகையின் பலமும் வரம்பும் ஒருசேரத் தெரியும். டெக்சாஸின் சவுத்லேக் கேரலில் 2002, 2004, 2005, 2006 என நான்கு மாநிலப் பட்டம். அந்த ஐந்து சீசனில் 79 வெற்றி, ஒரே தோல்வி. அதுவும் 2003 இறுதியாட்டத்தில் கேட்டி அணியிடம் ஒரு புள்ளியில். பிறகு நார்த் டெக்சாஸ் பல்கலைக்கழகம்: 6 வெற்றி, 37 தோல்வி. மறுபடி பள்ளிக்கு வந்து ஆஸ்டினின் வெஸ்ட்லேக்கில் 2019, 2020, 2021 என மூன்று பட்டம். அவர் மிகச் சிறந்த ஆசான் என்பதில் ஐயமில்லை. சவுத்லேக்கும் வெஸ்ட்லேக்கும் வசதியான கல்வி மாவட்டங்கள் என்பதும் உண்மை. நடுநிலைப் பள்ளியிலிருந்தே ஒரே ஆட்டமுறையைப் பழகிவரும் பையன்கள், பத்துக்கு மேற்பட்ட உதவிக் கோச்சுகள், நிரம்பி வழியும் பூஸ்டர் கிளப் (பெற்றோர் நிதி திரட்டும் குழு) ஆகியவை இருக்கும் இடத்தில் அத்தகைய கோச் பலமடங்கு பலன் தருவார். அவை இல்லாத இடத்துக்கு அவரை அழைத்தால், அவர் விட்டுவந்த அமைப்பை உங்கள் செலவில் கட்டச் சொல்வார்.

அந்தச் செலவு பெரும்பாலும் வகுப்பறையில் விழும். டெக்சாஸ் அரசுப் பள்ளிகளில் தலைமைக் கோச் மாவட்டத்தின் முழுநேர ஊழியராக இருக்க வேண்டும். உதவிக் கோச்சுகளில் பெரும்பாலோர் ஆசிரியர்கள். புதியவர் தன்னோடு ஐந்து பேரை அழைத்துவந்தால் ஐந்து ஆசிரியர் இடங்கள் காலியாக வேண்டும். வரலாறு, உடற்கல்விப் பாடங்களில் நல்ல ஆசிரியர் ஒருவரைத் தள்ளிவிட்டு லைன்பேக்கர் (தடுப்பாட்ட வீரர்) கோச்சுக்கு இடம் கொடுக்க நேரலாம். எத்தனை பேர், எந்தப் பாடத்துக்கு, சான்றிதழ் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பட்டியல் வாங்குங்கள். பழைய கோச்சுகள் போனால் அவர்களை நம்பிச் சேர்ந்த பத்தாம், பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் சிலரும் விலகுவார்கள்.

## புது ஆட்டமுறையோடு வரும் இளைஞர்

அர்கன்சாவின் லிட்டில் ராக்கில் உள்ள புலாஸ்கி அகாடமியில் கெவின் கெல்லி 2003 முதல் 2020 வரை ஒன்பது மாநிலப் பட்டங்கள் வென்றார். 10 கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசியிலும் பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுக்காமல் தானே ஆடுவது, புள்ளி எடுத்த பிறகு ஆன்சைட் கிக் அடித்துப் பந்தைத் திரும்பப் பிடிக்கப் பார்ப்பது அவர் முறை. பார்த்தவர்கள் அதைத் துணிச்சல் என்றார்கள்; அவருக்கு அது கணக்கு. 2021-இல் பிரெஸ்பிடீரியன் கல்லூரிக்குப் போனார். 2 வெற்றி, 9 தோல்வி, ஒரே சீசனில் விலகினார். பள்ளியில் அந்த முறை நின்றதற்குக் காரணம், அதே பள்ளியில் ஆண்டுக்கு ஆண்டு அதே பாடத்தைக் கற்றுத்தர முடிந்ததும், தோற்ற நாளில் நிர்வாகம் பின்வாங்காததும்.

இளம் கோஆர்டினேட்டரை எடுக்கும் பள்ளிகள் இங்கேதான் சறுக்குகின்றன. முதல் ஆண்டில் புது முறை தடுமாறும், இரண்டாம் ஆண்டில் பழகும், மூன்றாம் ஆண்டில் பலன் தரும். இரண்டாம் ஆண்டின் இறுதியிலேயே பெற்றோர் பொறுமை இழந்தால் செலவு மட்டும் மிஞ்சும். ஆட்டத்தையும் அணியையும் ஒருசேர நடத்துவது இன்னொரு தடுமாற்றம்: ஆட்டமழைப்பை (அடுத்து எந்த ஆட்டம் என்று அறிவிப்பதை) அவரே செய்தால் கண் முழுக்கக் கையிலுள்ள தாளில் இருக்கும், எதிரில் தள்ளாடி நடந்து வரும் பையனைப் பார்ப்பது யார்? ஆட்டமழைப்பை வேறொருவரிடம் விடுவாரா, விடமாட்டார் என்றால் ஆட்டத்தின்போது வீரர்களைக் கவனிப்பது யார் பொறுப்பு என்று கேளுங்கள்.

## முன்னாள் என்.எஃப்.எல். வீரர்

பெயர் கேட்டதும் பணமும் பையன்களும் வருவார்கள். டிரென்ட் டில்ஃபர் நாஷ்வில்லின் லிப்ஸ்கம் அகாடமியில் 2021, 2022 இரண்டிலும் மாநிலப் பட்டம் வென்றார். அந்தக் கையோடு பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழக அணிக்குப் போய்விட்டார். இந்த வகையின் பெரிய மறைச்செலவு இதுதான்: ஒன்பதாம் வகுப்பில் அவரை நம்பிச் சேர்ந்தவன் பன்னிரண்டில் வேறொருவரிடம் ஆடுவான்.

பள்ளிக்குள்ளேயே இருந்தவர்களும் உண்டு. குவார்ட்டர்பேக்காக ஆடிய ஜான் கிட்னா 2012-இல் டகோமாவின் லிங்கன் பள்ளிக்கு, தான் படித்த பள்ளிக்கே, திரும்பி வந்து கணிதம் நடத்திக்கொண்டே கோச்சாக இருந்தார். முன்னாள் வீரரிடம் கேட்க வேண்டியது அந்த விருப்பம்தான்: பகலில் பள்ளியில் இருப்பாரா? இன்னொன்று, உச்சத்தில் ஆடியவருக்குத் தனக்கு இயல்பாக வந்ததை, வராத பையனுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வகை | பலம் | மறைச்செலவு | எப்போது சரி |
|---|---|---|---|
| சொந்த ஆசிரியர் | பையன்கள் நிலைப்பார்கள், படிப்பில் கண் இருக்கும் | சோர்வு, பழைய உதவியாளர்கள் | பையன்கள் குறைந்துவிட்ட, ஜூனியர் அணி நின்றுபோன பள்ளி |
| பெயர்பெற்றவர் | அமைப்பைக் கட்டத் தெரியும் | ஆசிரியர் இடங்கள், விலகும் வீரர்கள் | வசதியும் நடுநிலைப் பள்ளி அணிகளும் உள்ள மாவட்டம் |
| இளம் கோஆர்டினேட்டர் | புது முறை, உழைப்பு | மூன்று ஆண்டுப் பொறுமை | நல்ல அணியிருந்து கோச் மட்டும் விலகிய பள்ளி. அணிக்குள்ளிருந்தே உயர்த்தினால் மேல் |
| முன்னாள் வீரர் | பெயர், நிதி, தொடர்பு | சீக்கிரம் போய்விடலாம் | பலமான உதவிக் கோச்சுகள் ஏற்கெனவே உள்ள தனியார் பள்ளி |

## நேர்காணலில்

செவ்வாய்க்கிழமைப் பயிற்சித் திட்டத்தை எழுதித்தரச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்தை ஐந்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்தால் 24 துண்டு. ஒவ்வொன்றிலும் எந்தக் கோச் எந்தப் பையன்களோடு எங்கே இருப்பார் என்று எழுதத் தெரிந்தவர் பயிற்சி நடத்தத் தெரிந்தவர். "அணிப் பயிற்சி, ஒரு மணி நேரம்" என்று ஒரே வரியில் எழுதினால், 22 பேர் ஆட மீதி சுமார் நாற்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள் என்று பொருள். அந்த நாற்பது பேரில்தான் அடுத்த ஆண்டு அணி இருக்கிறது.

குளிர்தொட்டி எங்கே இருக்கும், ஐஸ் யார் போடுவது, அன்றைய ஈரக்குமிழ் அளவை யார் எடுப்பது, பயிற்சியை நிறுத்தும் அதிகாரம் அத்லெடிக் டிரெய்னருக்கு (வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்) உண்டா? கடைசிக் கேள்விக்கு "என்னைக் கேட்டுவிட்டு" என்று பதில் வந்தால் அவரை விட்டுவிடுங்கள். ஹெல்மெட்டுகளின் வயதையும் கேளுங்கள். பத்து ஆண்டு கடந்தவற்றைப் புதுப்பிப்பு நிறுவனங்கள் ஏற்பதில்லை. புதிய தொகுதி வாங்கும் செலவை முதல் ஆண்டு பட்ஜெட்டிலேயே சேர்க்க வேண்டும்.

பரிந்துரைக்கு அவர் தரும் எண்கள் எல்லாம் நட்சத்திர வீரர்களின் பெற்றோருடையதாக இருக்கும். பழைய பள்ளியில் பெஞ்சில் இருந்தவர்களின் பெற்றோர் மூன்று பேரிடம் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். பழைய முதல்வரிடமும், குறிப்பாக அத்லெடிக் டிரெய்னரிடமும் தனியாகப் பேசுங்கள். காயம்பட்ட பையனை இறக்கச் சொல்லி அழுத்தம் வந்ததா என்பது டிரெய்னருக்குத் தெரியும்.

இரண்டு பேர் சமமாக நின்றால் ஒன்பதாம் வகுப்பு அணிக்கு யாரைக் கோச்சாகப் போடுவீர்கள் என்று இருவரையும் கேளுங்கள். மிச்சம் இருப்பவரை அங்கே அனுப்புகிறவரைவிட, தன்னிடமுள்ள நல்ல ஆசானை அங்கே அனுப்புகிறவரை எடுக்கலாம். ஒப்பந்தத்தின் ஆண்டு மதிப்பீட்டில் வெற்றி தோல்வியோடு நான்கு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: ஆகஸ்டில் எத்தனை பேர், நவம்பரில் எத்தனை பேர், மதிப்பெண்ணால் வெளியே உட்கார்ந்தவர்கள் எத்தனை, ஒன்பதாம் வகுப்பில் தொடங்கிப் பன்னிரண்டு வரை ஆடியவர்கள் எத்தனை. மாவட்டம் அதை ஆண்டுதோறும் டிசம்பரில் வாரியக் கூட்டத்தில் வைக்கட்டும்.